படிப்படியாக

என்னத்தை எதிர்பாத்து உக்காந்திருக்கிய? கட்சிக் கூட்டத்துக் கதைன்னதும் நாற்காலி பறக்கும், வேட்டி கிழியும், ஒருத்தன் மைக்கைப் புடுங்கி இன்னொருத்தன் மண்டையில போடுவான், கடைசியில ஆம்புலன்ஸ் வரும்னுதானே? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இல்லன்னா, நல்லவரு ஒருத்தர் எந்திரிச்சு முழங்குவாரு, கெட்டவன் தலையைத் தொங்கப் போடுவான், நாம கண்ணைத் தொடச்சிக்கிட்டு வீட்டுக்குப் போயிறலாம்னு. ரெண்டும் கெடையாது. தென்காசியில பொன்மாரி மகால்னு ஒரு கல்யாண மண்டபம். அந்த மேடையில எடது கைப் பக்கம், மூணாவது பிளாஸ்டிக் நாற்காலியில, அம்பத்தி நாலு வயசு மனுசன் ஒருத்தரு முக்கால் மணி நேரம் சும்மா உக்காந்திருந்தாரு. அதான் கதை. சும்மா உக்காந்திருக்கிறதுல என்ன வே கதைன்னு கேட்டா, நீங்க ஒரு நாளும் சும்மா உக்காந்து பாத்ததில்லைன்னு அர்த்தம்.

பேரு கோமதிநாயகம். தொழிலு மோட்டார் காயில் கட்டுறது. கெணத்து மோட்டார், மிக்சி, சீலிங் ஃபேன், எது கருகி வந்தாலும் பழைய கம்பியை உருவிப் போட்டுட்டு புதுக் கம்பியைச் சுத்தி ஓட வச்சிருவாரு. ஆனா ஊருக்கு அவரை அப்படித் தெரியாது. நன்னெறிக் கட்சிக் கூட்டத்துல தலைவர் வர்ற வரைக்கும் சனம் கலைஞ்சிறாம இருக்க, மத்த கட்சிக்காரங்க குரல்ல பேசிக் காட்டுவாருல்லா, 'பல்குரல்' கோமதிநாயகம், அவருன்னாத்தான் தெரியும். இருபத்தி ரெண்டு வருசமா அதே வேலை. மூக்கால பேசுற மந்திரி, வரிக்கு ஒரு மடக்கு தண்ணி குடிக்கிற எதிர்க்கட்சிக்காரரு, "என் உயிரினும்"னு ஆரம்பிச்சு எந்த உயிருன்னு மறந்து போற ஒருத்தரு, எல்லாரும் இவரு தொண்டைக்குள்ளதான் குடியிருக்காவ. தலைவர் காரு வந்து நின்னதும் மைக்கை ஒப்படைச்சிட்டு எறங்கிறணும். பதவி ஒண்ணும் கெடையாது. இன்னைக்கு அவரைக் கூட்டிட்டு வந்து மேடையில உக்கார வச்சிருக்கதே அந்தப் பதவி இல்லாத காரணத்துக்குத்தான். எப்படின்னா, கட்சியை ஆரம்பிச்ச எட்மாஸ்டர் ஒரு விதி எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு: தீர்மானத்தைப் பொறுப்புல இருக்கவன் முன்மொழியணும், பொறுப்பு எதுவுமே இல்லாத தொண்டன் ஒருத்தன் வழிமொழியணும். நாற்காலி சொன்னதைத் தரை ஒத்துக்கிட்டாத்தான் தீர்மானம். வழிமொழிய வாய் இல்லன்னா அது அங்கயே விழுந்துரும். இன்னைக்கு ஏழு தீர்மானம். ஏழாவதுக்கு வாய், கோமதிநாயகத்தோட வாய். சொல்ல வேண்டியதை ஒரு துண்டுத் தாள்ல எழுதி சட்டைப் பையில வச்சும் விட்டாச்சு. "இத்தீர்மானத்தை மனமுவந்து வழிமொழிகிறேன்." மூணு வார்த்தை. அதுல மனமுவந்துங்கிறதையும் அவுகளே எழுதிட்டாவ பாத்தியளா.

காலுக்குக் கீழ டைல்ஸ் சில்லுங்குது. மேடையில செருப்பு கூடாது, அது கட்சி வழக்கம். சினிமாப் பாட்டு கூடாது, கைதட்டக் கூடாது, நல்லாருந்தா "நன்று"ன்னு வாயால சொல்லணும், கூட்டம் தேவாரத்துல ஆரம்பிக்கணும். இந்த வழக்கத்தைப் பாத்து வெளியில சிரிக்காத ஆளு கெடையாது, சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான், சிரிப்பு காட்டுறதுக்குக் கூலி வாங்காத ஒரே கட்சி நம்ம கட்சின்னு கோமதிநாயகம் தன் மனசுக்குள்ளயே மந்திரி மூக்கால சொல்லிப் பாக்காரு. குற்றாலத்துச் சாரல் சன்னல் வழியா அடிச்சு முதல் வரிசைக்காரன் வழுக்கையில பொட்டுப் பொட்டா நிக்கி. பின்னால, நேத்து நடந்த கல்யாணத்துத் தெர்மாகோல் எழுத்தை எவனும் எடுக்கல. கட்சி பேனர் பாதியைத்தான் மறைச்சிருக்கு. மேல 'நன்னெறிக் கட்சி மாநிலப் பொதுக்குழு', அதுக்கு ஓரமா 'வெட்ஸ் சிவரஞ்சனி.' யாரு வெட்ஸ் சிவரஞ்சனி? பேரு பேனருக்கு அடியில. பொதுச் செயலாளர் செண்பகராமன் சரியா அந்த எழுத்துக்கு முன்னால நிக்காரு, நாப்பத்தெட்டு வயசு, ரோடு காண்ட்ராக்ட் எடுத்த ஆளு, தும்பைப்பூ வேட்டி, மாப்பிள்ளை கணக்கா. மாப்பிள்ளைதான. பொண்ணு வீடுதான் பெரிய எடம். பெரிய கட்சி. ஆலை வச்சிருக்க கட்சி. அந்தக் கட்சிப் பொருளாளருக்குச் சாராய ஆலை இருக்குன்னு பச்சப் புள்ளைக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு மாலை மாத்தப் போற மாப்பிள்ளை, சீதனம் ரெண்டு சட்டமன்றத் தொகுதி. பதிலுக்கு நாம செய்ய வேண்டியது ஒண்ணும் பெரிசில்ல. கட்சிக் கொள்கையில முதல் வரியில, 'முழு மதுவிலக்கு'ன்னு இருக்குல்லா, அந்த 'முழு'வை எடுத்துட்டு 'படிப்படியான'ன்னு போடணும். மூணெழுத்து வார்த்தை... மு, ழு... ரெண்டெழுத்துதான், ரெண்டெழுத்தை எடுத்துட்டு ஏழெழுத்து குடுக்காவ, நமக்கு லாபம்தானே, என்னங்கிய?

"தீர்மானம் ஒன்று, இரங்கல்." எல்லாரும் எந்திரிக்காவ. கோமதிநாயகமும் எந்திரிக்காரு. செத்துப்போன நாலு பேரு பேரை வாசிக்காவ, அதுல ஒருத்தரு பாவூர்சத்திரம் ஒன்றியத்துக்காரரு, சுவத்துல எழுதுறவரு, 'மது வீட்டைக் கெடுக்கும்'னு அவரு எழுதுனா டு-வுக்குக் கொம்பு வரைய வரைய அரை மணி நேரம் ஆக்குவாரு. அவரு இப்போ இருந்தா 'மது வீட்டைப் படிப்படியாகக் கெடுக்கும்'னு எழுதச் சொல்லிருப்பாவளோ, செவுரு பத்துமா, பக்கத்து வீட்டுச் செவுத்தையும் கேக்கணுமேன்னு நெனைச்சதும் சிரிப்பு வருது. இரங்கல்ல சிரிக்கக் கூடாது. பல்லைக் கடிச்சிக்கிடுதாரு. ரெண்டு நிமிசம் மௌனம்னா செண்பகராமன் நாப்பது எண்ணிட்டு உக்காந்திருவாரு, எண்ணிப் பாத்திருக்காரு இவரு, நாப்பதுக்கு மேல ஒரு நாளும் போனதில்ல. குரலை எடுக்கிறவன் வார்த்தையைக் கேக்க மாட்டான், மூச்சைத்தான் கேப்பான். ஒரு ஆளு எங்க மூச்சை இழுக்கான், எங்க விழுங்குதான், அது பிடிபட்டாச்சுன்னா ஆளு உள்ள வந்துருவான். செண்பகராமன் ஒரு இடத்துல மூச்சை விழுங்குவாரு. "நான் என்ன சொல்ல வாறேன்னா"ன்னு சொல்லிட்டு, ஒரு விழுங்கு. அதுக்குப் பெறகு வாறது எதுவும் அவரு சொல்ல வந்தது கெடையாது.

போன வியாழக்கெழமை இவரு கடைக்கு வந்தப்போ ஆனா செண்பகராமன் விழுங்கல. அதான் உறுத்துது. அதை எந்தப் பக்கம் சுத்துனாலும் கம்பி அந்த எடத்துல வந்து மாட்டுது. கருகுன ஆர்மேச்சர் ஒண்ணை மடியில வச்சிக்கிட்டு இருந்தாரு இவரு, எதுக்க ஸ்டூல்ல வந்து உக்காந்துட்டு, மாநிலப் பொதுச் செயலாளரு, வேட்டியில ஆயில் படுமேன்னு கூடப் பாக்காம, "அண்ணாச்சி, ஆறு தேர்தல் நின்னுருக்கோம். எங்கயாவது டெபாசிட் மிஞ்சுச்சா?"ன்னாரு. இவரு கம்பியை உருவிக்கிட்டே இருந்தாரு. "யாருக்குமே ஓட்டு போடலன்னு ஒரு பட்டன் இருக்குல்லா, அதுக்கும் கீழ வாறோம் அண்ணாச்சி. சனம் என்ன சொல்லுதுன்னா, எவனும் வேண்டாம், அந்த எவனும் வேண்டாம்லயும் நீ வேண்டாங்கு." அதுக்கு இவரு, "எட்மாஸ்டர் ஓட்டுக்காகவா கட்சி ஆரம்பிச்சாரு?"ன்னாரு. "பெறகு எதுக்கு? காலண்டர் அடிக்கதுக்கா? ரெட்டியார்பட்டி பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல பிராந்திக் கடை இருந்துச்சே, அதை இருநூறு அடி தள்ளி வைக்க வச்சது யாரு? நான். கலெக்டர் ஆபீஸ்ல பதினாலு நாள் நின்னேன், பெரிய கட்சிக்காரன் ஒருத்தனைப் பிடிச்சேன், தள்ளுனான். அந்தத் தெருப் பொம்பளைக இன்னைக்கு நிம்மதியாப் போறாவளா இல்லையா? உங்க முழு மதுவிலக்கு ஒரு கடையை ஒரு அடி நகத்திருக்கா? சொல்லுங்க, நான் இப்பவே எந்திரிச்சிப் போறேன்." விழுங்கலையே. ஒரு மூச்சுல சொன்னாரே மனுசன். இருநூறு அடி. இவரும் போய்ப் பாத்தாரு, சைக்கிள்ல, ராத்திரியில்ல, நல்ல பகல்ல. உண்மைதான், கடை தள்ளித்தான் இருக்கு. பொம்பளைக போறாவ. பெறகு எதுக்குவே உனக்கு வலிக்கி? வலிக்கி. அவ்வளவுதான். ரெண்டு பேரு சட்டசபையில எந்திரிச்சு நின்னு கடையை மூடுன்னு கேட்டா என்ன தப்பு? தப்பில்ல. யாரு கேப்பா? கேப்பாவளா? ஆலைக்காரன் குடுத்த சீட்டுல உக்காந்துட்டு ஆலையை மூடுன்னு எந்த வாயி கேக்கும்? அந்த வாயோட மூச்சு எனக்குத் தெரியும், அது இழுக்கும்போதே திக்கும். ஆனா இருநூறு அடி. ஆனா. ஏன் அந்த 'ஆனா'வே தொண்டைக்குள்ள வந்து வந்து நிக்கி, சனியன்.

போகும்போது செண்பகராமன் வாசல்ல நின்னு சொன்னது, அதுதான் அசல். "இதை நீங்க வழிமொழிஞ்சாத்தான் அண்ணாச்சி எடுபடும். நீங்க குடிச்ச ஆளு. விட்ட ஆளு. மத்தவன் சொன்னா கட்சி மாறுதான்பாவ, நீங்க சொன்னா கட்சி வளருதும்பாவ. மறுநாளே கொள்கை பரப்புச் செயலாளரு. முடியாதுன்னா... நான் என்ன சொல்ல வாறேன்னா," விழுங்கு, "உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது." அதுக்கு என்ன அர்த்தம்னா, அதோட உனக்கு மேடை கெடையாது. மேடை இல்லாத பல்குரல்காரன் என்ன பண்ணுவான்? கடையில உக்காந்து மிக்சிக்கிட்டயா பேசிக் காட்டுவான்?

"தீர்மானம் மூன்று. இவ்வாண்டு பருவமழை உரிய காலத்தில் பெய்தமைக்கு..." நன்றி தெரிவிக்காவ. மழைக்கு. முன்மொழிஞ்சாச்சு, வழிமொழிஞ்சாச்சு, "நன்று, நன்று"ன்னு சனம். மழைக்காவது முழுசா நன்றி சொன்னியளா இல்ல படிப்படியாவா? இந்த வார்த்தையைப் பாத்துக்கிடுங்க. படி. ஏறுறதும் படி, எறங்குறதும் படி, நெல்லு அளக்கிறதும் படி. எட்மாஸ்டர் பெரம்பை ஓங்குனா படி. சொன்னபடி கேளுன்னா அதுலயும் ஒரு படி. இப்படி எங்க வேணும்னாலும் போய் உக்காந்துக்கிடுத வார்த்தையை எவன் வே கொள்கையில சேத்தான்? அது எந்தக் கட்சி வார்த்தையும் கெடையாது. அது குடிகாரன் வார்த்தை. எனக்குத் தெரியும், நான் ஆறு வருசம் அந்த வார்த்தைக்குள்ளதான் குடியிருந்தேன்.

ஆறு வருசம் கோமதிநாயகம் படிப்படியா விட்டாரு. அதை நெனச்சா இன்னைக்கும் நாக்குக்கு அடியில ஒரு கசப்பு ஊறுது, இந்தா, இப்பவே ஊறுது, சாம்பார் வாசத்துக்கு நடுவுல. மொதல்ல முழு குவாட்டரு, பெறகு முக்கால், பெறகு பாதி, பெறகு மூடியில அளந்து ஒன்பது மூடி. ஒன்பது எட்டாகும், ஏழாகும். ஏழு ஆனதுக்கு ஒரு சந்தோசம் வரும் பாருங்க, அந்தச் சந்தோசத்துக்கு ஒரு குவாட்டரு. திரும்ப ஒண்ணாம் படியில இருந்து. இசக்கியம்மா, அவரு பொஞ்சாதி, அவகிட்டத் தெனமும் சொல்லுவாரு, "கொறச்சிக்கிட்டுத்தான் இருக்கேன் பிள்ள, எல்லாம் ஒரே நாள்ல முடியுமா?" அவ சோத்துப் பானையைச் சத்தமா வைப்பா. அந்தச் சத்தத்தை மட்டும் இன்னைக்கு வரைக்கும் இவரால வாயில எடுக்க முடிஞ்சதில்ல. எட்மாஸ்டர் கெணத்து மோட்டாரைத் தூக்கிக்கிட்டு கடைக்கு வந்தப்போ ஆறு மூடியில இருந்தாரு. சிவக்கொழுந்து, எம்.ஏ., பி.டி., ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கட்சி ஆரம்பிச்சு நாலு வருசம், தொண்டர்னு மொத்தம் அம்பது பேரு. பாட்டிலைப் பாத்தாரு. இவரு எப்பவும் போல, "படிப்படியா விட்டுக்கிட்டிருக்கேன் சார்". "ஏறுற படியா, எறங்குற படியாடா?"ன்னாரு. "எறங்குறது சார்." "கடைசிப் படியில நிக்கறவனுக்குத்தான் திரும்ப ஏறுறது சொகம். மோட்டாரு எப்போ ரெடியாகும்?" அவ்வளவுதான் உபதேசம். ஆனா மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தாரு, மோட்டார் ரெடியாவலன்னு தெரிஞ்சும். ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு பேப்பரை உரக்க வாசிச்சாரு. ஏல அறிவிப்பு, மணமகள் தேவை, காணவில்லை, ஒண்ணு விடாம. கடை அடைக்கிற வரைக்கும். அதுக்கு அடுத்த நாளும். இவருக்கு வாய் வரளுது, மனுசன் 'நல்ல நிலையில் உள்ள தையல் மெஷின் விற்பனைக்கு'ன்னு தேவாரம் கணக்கா வாசிக்காரு. நடுவுல தூங்கிருவாரு, குறட்டை வேற. பதினோரு நாள், இவரு ஒரு மூடி தொடல. பன்னண்டாம் நாள் மோட்டாரைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. "என்னடா கருமம், இவ்வளவு நாளா ஒரு காயில் கட்ட?"ன்னுட்டுப் போனாரு. எட்மாஸ்டர் மூச்சு, அவரு 'சங்கதி'ன்னு ஆரம்பிக்கும்போது வாற இருமல், எல்லாம் அந்தப் பதினோரு நாள்ல உள்ள எறங்கிட்டு. ஒரு நாளும் வெளிய எடுத்ததில்ல. மேடையில நூறு பேரை எடுத்திருக்காரு, அந்த ஒருத்தரை எடுத்ததில்ல.

"தீர்மானம் ஐந்து." கேண்டீன் பக்கமிருந்து சுக்குக் காப்பி வருது. பத்திரிகைக்காரங்களுக்குன்னு போட்ட ஒரே பெஞ்சுல பீர்முகமது மட்டும் உக்காந்திருக்காரு, மதியமே வந்துருத மாலைப் பேப்பருக்கு உள்ளூர் நிருபர், அறுபதைத் தாண்டியாச்சு, இவரு கடைக்கு டீ குடிக்க வாற சேக்காளி. அவரு நிகழ்ச்சியைப் பாக்கல, வடையைப் பாக்காரு. கட்சியைப் பத்தி அவருக்கு ஒரு அபிப்பிராயமும் கெடையாது. எந்தக் கட்சியா இருந்தாலும் சட்னி கெட்டியா இருக்கணும், அம்புட்டுதான் அவரு கொள்கை. அந்தக் கொள்கையில அவரு படிப்படியா எறங்குனதா வரலாறு கெடையாது. கோமதிநாயகத்துக்கு அவரைப் பாக்க பொறாமையா இருக்கு.

காலையில கெளம்பும்போது இசக்கியம்மா சட்டையை நீட்டிக்கிட்டே கேட்டா: "இன்னைக்கு எந்தக் கட்சிக்காரன் குரல்ல பேசப் போறிய?" "இன்னைக்கு வேடிக்கை இல்ல பிள்ள, தீர்மானம். என் குரல்லதான்." "அது எது?"ன்னா. சும்மாத்தான் கேட்டா, கேலிக்கு. சட்டையை மாட்டிவிட்டுட்டுப் போயிட்டா. அது எதுங்கிறது மட்டும் பஸ்ஸுல கூடவே ஏறி வந்து, டிக்கெட் எடுக்காம, இப்போ மடியில உக்காந்திருக்கு. அது எது? பொஞ்சாதிகிட்டப் பேசுறது யாரு குரலு? அவ அப்பன் செத்தன்னைக்கு ஆறுதல் சொன்னது, யோசிச்சா, ரேடியோவுல செய்தி வாசிக்கவன் மூச்சு. கடன்காரன்கிட்டப் பேசுறது பழைய தாசில்தார் ஒருத்தன். எல்லாரையும் வெரட்டிட்டா உள்ள யாரு இருக்கா? ஒருத்தருமே இல்லன்னா? பழைய கம்பியை உருவ உருவ உள்ள வெறும் இரும்புதான் இருக்கும், அதுக்குச் சத்தம் கெடையாது. சுக்குக் காப்பியை ஒரே மடக்கா விழுங்குதாரு, நாக்கு வெந்து போச்சு. வேகட்டும். மூணு வார்த்தைதான, வெந்த நாக்காலயும் சொல்லலாம். இல்ல, ஒண்ணு செய்யலாமே. ஒண்ணே ஒண்ணு. எட்மாஸ்டர் குரலை எடு. இத்தன வருசமா பூட்டி வச்சதை இன்னைக்குத் தெற. 'சங்கதி என்னன்னா'ன்னு ஒரு இருமல் இருமுனாப் போதும், இந்த முந்நூறு பேரும் எந்திரிச்சு நிப்பான், பாதிப்பேரு அழுவான், செண்பகராமன் செருப்பை எடுத்துக்கிட்டு ஓடிருவாரு. அந்தக் குரல்ல முடியாதுன்னு சொன்னா முடியாதுதான். செத்தவரே வந்து சொன்ன மாதிரி. வாய்க்கு நுனியில வந்துட்டு, இந்தா, இருமல் நெஞ்சுக்குழியில உருளுது.

வேண்டாம். வேண்டாம்னா வேண்டாம். அவரு வாயில என் வார்த்தையை வச்சா, எனக்கும் இந்தத் துண்டுத்தாள் எழுதுனவனுக்கும் என்ன வித்தியாசம்? அவரு இன்னைக்கு இருந்தா என்ன சொல்லிருப்பாருன்னு எவனுக்குத் தெரியும்? இருநூறு அடிக்கு அவரும் சரின்னுருப்பாரோ என்னமோ. சொல்லிருந்தா அவருகிட்டயும் நான் சண்டைதான் போட்டிருப்பேன். ஆமா, போட்டிருப்பேன். எட்மாஸ்டர் சொன்னதுனால இல்ல வே எனக்கு இது. எட்மாஸ்டரைக் கழிச்சிருங்க. கட்சியைக் கழிச்சிருங்க. மூடியில அளந்தவன் நான். அந்த மூடி என் கையில இருந்துச்சு. ரெண்டு சீட்டு வேணுமா, வாங்குங்க. ஆலைக்காரன் பக்கத்துல உக்காருங்க, கடையைத் தள்ளுங்க, மலை வரைக்கும் தள்ளுங்க, நான் வந்து கூடச் சேந்து தள்ளுதேன். ஆனா அதுக்குப் பேரு கொள்கைன்னு சொல்லாதிய. அவசரத்துக்குச் செஞ்சேன்னு சொல்லுங்க, வேற வழியில்லன்னு சொல்லுங்க, அதைக் கூட வழிமொழியுதேன். குடிகாரன் பொஞ்சாதிகிட்டச் சொல்லுத பொய்யை எழுதி, அதுக்கு மேல மனமுவந்துன்னும் எழுதி, என் பைக்குள்ள திணிச்சிருக்கியளே, அது நடக்காது. என் வீட்டுப் பானைச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. மேடை போனாப் போகுது. மிக்சிக்கிட்டப் பேசுதேன். மிக்சி நல்லாக் கேக்கும், நடுவுல எந்திரிச்சுப் போவாது.

"தீர்மானம் ஏழு." செண்பகராமன் அவரே வாசிக்காரு, பொறுப்புல இருக்கவரு முன்மொழியுதாரு. நல்லாத்தான் வாசிக்காரு. காலத்தின் தேவை, களத்தின் நிலை, தோழமை, அடித்தட்டு மக்கள். படிப்படியானங்கிற எடம் வருது, அங்க ஒரு விழுங்கு. கோமதிநாயகத்துக்கு அது மணி அடிச்ச மாதிரி கேக்கு. மொத்த மண்டபத்துல அது அவருக்கு மட்டும்தான் கேக்கு. "இத்தீர்மானத்தை வழிமொழிய, குடியின் கொடுமையை உடலால் அறிந்து மீண்ட நம் அண்ணாச்சி, பல்குரல் கோமதிநாயகம் அவர்களை அழைக்கிறேன்." நன்று, நன்று. எந்திரிக்காரு. கால் மரத்துப் போயிருக்கு, டைல்ஸே தெரியல. மூணாவது நாற்காலியில இருந்து மைக்குக்கு அஞ்சு எட்டு வைக்கணும். முதல் வரிசையில ஒருத்தன், பேரு தெரியாது, தலையில சாரல் பொட்டு நின்ன அந்த வழுக்கைக்காரன், "அண்ணாச்சி, அந்த மூக்கு மந்திரி மாதிரி வழிமொழிங்க!"ங்கான். சிரிப்பு. செண்பகராமனும் சிரிக்காரு, சிரிச்சிக்கிட்டே மைக்கை இவரு உசரத்துக்கு எறக்கிக் குடுக்காரு, கனிவாத்தான் குடுக்காரு, அது வேற கொடுமை. கோமதிநாயகம் தாளை எடுக்காரு. விரிக்காரு. எப்பவும் அவரு பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னால மூணு எண்ணுவாரு, சனம் எப்போ சாயும்னு அவருக்குத் தெரியும். ஒண்ணு, ரெண்டு, மூணு. வாயைத் தெறந்தாரு. யாரும் வரல. மந்திரி வரல, தாசில்தார் வரல, இருமல் வரல. நாலு, அஞ்சு. சனம் சிரிப்பை நிப்பாட்டிட்டு. ஆறாவது எண்ணும்போது என்னமோ ஒண்ணு வந்துச்சு, மெலிசா, ஒரு பக்கமாக் கிழிஞ்சு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையன் கணக்கா, மைக்குக்கே பிடிக்காம கொஞ்சம் கீச்சுன்னுச்சு.

"நான் இதை வழிமொழியல."

அவருக்கே ஆச்சரியம். இதுவா? இவ்வளவு நாளா இதுவா உள்ள கெடந்துச்சு? நல்லாவே இல்லையே. பரவால்ல. இன்னொருக்கா சொன்னாரு, இப்போ கொஞ்சம் தடிச்சு வந்துச்சு. "முழுன்னு இருந்தா வழிமொழியுதேன். இல்ல, எங்களுக்கு முடியல, சீட்டுக்காகப் போறோம்னு பச்சையா எழுதுங்க, அதையும் வழிமொழியுதேன். படிப்படியாங்கிறது குடிச்சவன் வார்த்தை. நான் ஆறு வருசம் சொன்னேன். அதைக் கட்சியைச் சொல்ல வைக்காதிய." தாளை மடிச்சு, செண்பகராமன் கையிலயே, மரியாதையா, ரெண்டு கையாலயும் குடுத்தாரு. ஒரு நன்று கெடையாது. மூணாவது ஃபேன்ல பேரிங் போயிட்டுன்னு காது தானாக் கவனிக்கி. செண்பகராமன் விழுங்குனாரு. "விதிப்படி... வேற யாராவது பொறுப்பில்லாத தொண்டர்கள் வழிமொழிய முன்வரலாம்." ஒருத்தன் இன்னொருத்தனைப் பாக்கான். வழுக்கைக்காரன் குனிஞ்சு செருப்பு எங்கன்னு தேடுதான். யாரும் எந்திரிக்கல. ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம், நாப்பதுல முடிக்கிறவருக்கு இன்னைக்கு முழு ரெண்டு நிமிசமும் நிக்க வேண்டியதாப் போச்சு. விழுந்துட்டு. தீர்மானம் விழுந்துட்டு. கோமதிநாயகம் அங்கயே நிக்காரு, காலுக்குக் கீழ டைல்ஸ் திரும்பச் சில்லுன்னு தெரியுது, உடம்பெல்லாம் வேர்வை, இருபத்தி ரெண்டு வருசத்துல முதல் தடவையா மைக்குக்கு முன்னால நின்னுக்கிட்டு அடுத்த குரல் எதுன்னு யோசிக்காம நிக்காரு.

பெஞ்சுல பீர்முகமது வாயில பாதி வடை. அவருக்கு ஒண்ணும் வெளங்கல. ஒரு கையில வடை, இன்னொரு கையில செல்லு, செல்லைப் பாக்காரு, மேடையைப் பாக்காரு, திரும்பச் செல்லைப் பாக்காரு. பேசணும்னு அவரு நெனைக்கவே இல்ல, வாய் தானாத் தெறந்துட்டு. முந்நூறு பேரும் கம்முன்னு இருந்ததுனால கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு.

"அண்ணாச்சி, என்ன வே இப்படிச் சொல்லிட்டிய? காலம்பர ஏழு மணிக்கே கட்சி ஆபீஸ்ல இருந்து செய்தி வந்து, நீங்க கண்ணீர் மல்க வழிமொழிஞ்சு பேசுனது ஒரு பத்தி முழுசா, 'படிப்படியாத்தான் நானும் மீண்டேன்'னு உங்க குரல்லயே இருக்க, நான் அனுப்பி, அச்சாகி, இந்நேரம் பஸ் ஸ்டாண்டுல வித்துக்கிட்டிருப்பானே!"